டொக்டரின் சீனிப் போத்தல்

ஓய்வு பெற்ற பிறகாவது என்னைச் சும்மா இருக்க விடுவார்கள் என்று நினைத்தேன். எங்கே! போன மாதம் எங்கள் ஆய்வுகூடத்தில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகள் ஒரு கேக் பெட்டியோடு ஹட்டன் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். தேத்தண்ணி குடித்து முடியும்வரை சுற்றிவளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார்கள்.

"மிஸ், நீங்க பாவிச்ச அந்த அயனித் திரவத்த நாங்க நிப்பாட்டிட்டோம். கோழித் தீனியில சேக்கிற ஒரு உப்பு இருக்குல்ல, அத வச்சே இப்ப அந்த வேலையச் செய்றோம். செலவு கொறவு. பழைய முறையப் பத்தி நீங்க ஒரு கட்டுரை எழுதித் தாங்களேன், ஆண்டு மலர்ல போடுறோம்."

கோழித் தீனியாம்! எனக்குச் சுருக்கென்றது. அந்தத் திரவத்தில் ஈரம் படாமல் காப்பாற்ற நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். ஆனாலும் பிள்ளைகள் ஆசையாகக் கேட்டுவிட்டார்கள், எழுதுகிறேன். அவர்கள் எதிர்பார்ப்பது செய்முறை. அதுவும் வரும். ஆனால் அந்த வேலையை நினைத்தாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு போத்தல் சீனியும் இரண்டு மனிதர்களும்தான். அதை எழுதாமல் வெறும் செய்முறையை மட்டும் எழுத என்னால் முடியாது.

நான் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பில், பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தார். நான் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தேன். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. அழுது முடித்துவிட்டு கொழுந்தைத் தூளாக்குகிற ஒரு தேயிலை ஸ்டோரில் தூளின் ஈரம் பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தேன். தூளை நிறுத்து, காயவைத்து, மறுபடி நிறுத்து, எவ்வளவு தண்ணீர் போயிற்று என்று சொல்ல வேண்டும். பல வருஷம் அதையே செய்தேன். பிறகு ஹட்டனுக்கு மேலே, தோட்டத்து உதவி மேலாளரான சின்னத்துரை முன்பு குடியிருந்த ஒரு பழைய பங்களாவில் ஆய்வுகூடம் ஒன்று திறந்தார்கள். ஈரம் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். ஓய்வு பெறும்வரை அங்கேயேதான் இருந்தேன்.

அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் டொக்டர் சவரிமுத்து. பூண்டுலோயாத் தோட்டத்துப் பிள்ளை. வெளிநாடு போய் இரசாயனம் படித்துவிட்டு, எத்தனையோ பேர் தடுத்தும் கேளாமல் மலைக்கே திரும்பி வந்தவர். மெலிந்த ஆள். எந்தக் காலத்திலும் அதே மண்ணிறக் கம்பளிச் சட்டைதான். வேலை தொடங்குமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். அவசரப்பட்டு ஒன்றையும் செய்யக்கூடாது என்பதற்காக என்று சொல்வார். எங்களில் யாரையும் ஒருமையில் கூப்பிட்டதில்லை. பாத்திரம் கழுவுகிறவரையும் "வாங்க அக்கா, இருங்க அக்கா" என்றுதான் பேசுவார்.

அவர் கண்ட கனவு பெரியது. தோட்டத்தில் கவ்வாத்து வெட்டினால் மலை மலையாகத் தேயிலைக் குச்சி மிஞ்சும். அந்தக் குச்சிக்குள்ளும் சீனி பூட்டிக் கிடக்கிறது. அதைப் பிரித்து, அதிலிருந்து பிளாஸ்டிக்குக்கும் எரிபொருளுக்கும் மூலப்பொருளான ஒரு இரசாயனத்தை எடுக்க வேண்டும். எண்ணெய்க் கிணறு இல்லாத நாட்டுக்கு இந்தக் குச்சி போதும் என்பார். ஆனால் குச்சிக்குப் போகுமுன் சுத்தமான சீனியில் அந்த வேலை சரியாக வர வேண்டும். அதற்கு நாங்கள் எடுத்துக்கொண்டது பிரக்டோசு, அதாவது பழங்களில் இருக்கிற சீனி. முழுப் பெயரைச் சொல்லச் சோம்பல்பட்டு, ஆய்வுகூடத்தில் நாங்கள் எல்லோரும் அதை வெறும் சீனி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். டொக்டர் மேசையில் அது இருக்கிற மண்ணிறப் போத்தலுக்கு 'சீனிப் போத்தல்' என்று பெயர்.

அந்தச் சீனியை மாற்றுவதுதான் அயனித் திரவத்தின் வேலை. அது ஒரு உப்புதான். சமையல் உப்பை உருக்க வேண்டுமென்றால் பெரிய உலை வேண்டும். இது தண்ணீர் கொதிக்கிற சூடு வருமுன்னரே உருகித் தேன் பதத்துக்கு வந்துவிடும். சீனியைக் கரைப்பதும் அதுவே, மாற்றத்தைத் தூண்டுவதும் அதுவே. வேறு அமிலம் ஊற்ற வேண்டியதில்லை. சீனியில் இருந்து தண்ணீர்க் கூறுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடும். மிஞ்சுவதுதான் எங்களுக்கு வேண்டிய பொருள். வேலை முடிந்த பிறகு திரவத்தைத் திரும்ப எடுத்து, காயவைத்து, மறுபடி பாவிக்கலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஈரத்தைக் கண்டால் குடித்துவிடும். எங்கள் மலையிலோ ஜன்னலைத் திறந்தால் மூட்டம் மேசைக்கு வந்து உட்கார்ந்துவிடும். குளிரில் திரவம் உறைந்து கட்டியாகிவிடும். ஈரம் ஏறினால் பிசுபிசுக்கும். தோட்டத்துத் துரைமார் மாதிரிக் குளிரும் ஆகாது, நனையவும் கூடாது என்பதால் அதற்கு நாங்கள் 'தொர' என்று பட்டப்பெயர் வைத்திருந்தோம். காலையில் நான் உள்ளே நுழைந்ததும் டொக்டர் கேட்பார், "தொர எந்திரிச்சிட்டாரா?"

தொரையை எழுப்புவது என் பொறுப்பு. குடுவையை எண்ணெய்ச் சட்டியில் இறக்கி மெதுவாகச் சூடேற்றுவேன். வெள்ளைக் கட்டி ஓரத்தில் இருந்து கண்ணாடியாகிக்கொண்டே வரும். முழுக்க உருகியதும் காற்றை உறிஞ்சும் பம்பைப் பூட்டுவேன். அடியில் இருந்து சின்னச் சின்னக் குமிழி வரும், அது உள்ளே இருந்த ஈரம். குமிழி நிற்கும்வரை பக்கத்தை விட்டு நகரக்கூடாது. பிறகு ஒரு துளி எடுத்து ஈரம் பார்க்க வேண்டும். ஸ்டோரில் நான் தேயிலைத் தூளுக்குச் செய்ததும் அதுதான், இங்கே அதைவிடப் பல மடங்கு நுணுக்கம். அது சரியாக இருந்தால்தான் சீனி போடுவோம். போட்டதும் காந்தக் குச்சி உள்ளே சுழலும். வெள்ளை மங்கி வெளிர்மஞ்சளாகும், பிறகு பால் விடாத பிளேன்டி நிறத்துக்கு வரும், அறை முழுக்கச் சீனிப்பாகு முறுகுகிற வாசனை எழும். அந்த நேரத்தில் நிறுத்த வேண்டும். விட்டால் தார் மாதிரிக் கறுத்து ஒன்றுக்கும் உதவாது. நிறுத்துகிற கணத்தை டொக்டர் யாரிடமும் விடமாட்டார். குனிந்து நிறத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "போதும்" என்று மெல்லச் சொல்வார். நான் குடுவையைத் தூக்கிவிடுவேன்.

இப்படிச் செய்து செய்து, பத்துப் பங்கு வர வேண்டிய இடத்தில் எட்டுப் பங்குக்கு மேல் எடுத்தோம். ஒரு முறை இல்லை, திரும்பத் திரும்ப எடுத்தோம். டொக்டர் அதைக் கொழும்பில் எங்கள் வேலைக்குப் பணம் தருகிற குழுவிடம் போய்ச் சொன்னார். அவர்கள் நம்பவில்லை. இத்தனை மூட்டத்துக்குள், ஒரு பழைய பங்களாவில், இந்த வசதியில் அது நடக்காது என்று முகத்துக்கு நேரே சொன்னார்களாம். நேரில் வந்து பார்க்கிறோம், எங்கள் கண் முன்னால் வந்தால் வேலை தொடரும், வராவிட்டால் மூடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். வராவிட்டால் டொக்டர் பொய்க்கணக்குச் சொன்னவர் என்றுதான் ஆகும். விஞ்ஞானம் படித்த மனிதருக்கு அந்தப் பெயர் வந்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் அவர் பேச்சைக் கேட்கமாட்டார்கள்.

அவர்கள் வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தபோதுதான் தொரை எங்களுக்குக் கையை விரித்தார்.

ஒரு காலை, வழக்கம்போல எல்லாம் செய்து, முடிவைப் பார்த்தால் பத்துக்கு நாலு. எட்டு வந்த இடத்தில் நாலு!  டொக்டர் குடுவையைக் கழுவ எடுத்து வைத்தார். "இன்னொரு தடவ கேட்டுப் பாப்போம்" என்றார். அவர் பேச்சில் செய்து பார்ப்போம் என்பதே கிடையாது. தொரையிடம் கேட்டுப் பார்ப்போம் என்றுதான் சொல்வார். மறுபடி கேட்டோம். மறுபடியும் நாலு.

ஈரம்தான் என்று நான் சாதித்தேன். மழைக்காலம் வேறு. இன்னும் அதிக நேரம் காயவைத்தேன். உலர்பெட்டியில் இருக்கிற நீல மணிகள் ஈரம் குடித்தால் ரோஸ் நிறமாகும். அவற்றையெல்லாம் வறுத்து நீலமாக்கிப் புதிதாய் நிரப்பினேன். ஜன்னல் இடுக்குகளில் துணி அடைத்தேன். புதுத் திரவம் எடுத்தோம். ஒன்றும் நடக்கவில்லை, அதே நாலு. எனக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர், "உங்க தொரைக்குக் காய்ச்சலா?" என்று பகிடி பண்ணினார். அன்றைக்கு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது இருக்கட்டும்.

இதற்கிடையில் டொக்டர் செய்த காரியம்தான் எனக்கு இன்னும் கோபத்தை உண்டாக்கியது. வருகிற குழுவின் தலைவர் தொலைபேசியில் எடுத்து எப்படிப் போகிறது என்று கேட்டாராம். இவர், இப்போது பாதிதான் வருகிறது, ஏன் என்று தெரியவில்லை என்று அப்படியே சொல்லிவிட்டார்.

"ஏன் டொக்டர் சொன்னீங்க? அதுக்குள்ள சரியாயிருமே!"

"கேட்டாங்க, சொன்னேன்."

"இந்த ஒலகத்துல யாராவது இப்பிடிச் சொல்லுவாங்களா?"

"இல்லாததச் சொல்லி அத எங்க கொண்டுபோய் ஒளிக்கிறது, பரமேஸ்வரி?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனித் தெய்வானை அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆய்வுகூடத்துக்குக் கீழே இருந்த லயத்தில் குடியிருந்தவர். எங்கள் பாத்திரங்களைக் கழுவுவதும் தேத்தண்ணி போடுவதும் அவர் வேலை. நாட்சம்பளம்தான். நிரந்தரமாக்கச் சொல்லி டொக்டர் எழுதிக் கேட்டிருந்தார். அதுவும் அதே குழுவின் கையில்தான் இருந்தது. அக்கா கழுவிய குடுவையைத் தூக்கிப் பார்த்தால் கண்ணாடி இருக்கிறதா என்று சந்தேகமே வரும். புருஷன் இல்லை. ஒரே மகளை ராகலையில் கட்டிக் கொடுத்திருந்தார்.

அந்த மகளுக்குப் பிள்ளைப்பேறு நெருங்கியபோது அக்கா ஒரு நாள் டொக்டரிடம் வந்து நின்றார். மகளுக்குப் பிள்ளைப்பேற்று மருந்தான காயம் இடித்து நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்துக் கிளறிக் கொண்டு போக வேண்டும், பஸ்ஸில் ஒழுகாத மாதிரி இறுக்கமான மூடி போட்ட போத்தல் ஒன்று இருக்குமா என்று கேட்டார். அன்றைக்குச் சீனிப் போத்தல் வெறுமையாக இருந்தது. டொக்டர் அதையே எடுத்துக் கொடுத்தார். "நல்லாக் கழுவிக் கொண்டு போங்கக்கா. அவசரமில்ல, மெதுவாத் திருப்பிக் குடுங்க." இது நான் பார்க்க நடந்ததுதான். அக்கா அதைச் சோடா போட்டுக் கழுவி, வெந்நீரில் கழுவி, வெயிலில் காயவைத்து எடுத்துப் போனார். பிறகு டொக்டரும் நானும் அதை மறந்துவிட்டோம். சிறிது காலம் வேறு ஒரு டப்பாவைப் பாவித்தோம்.

பின்னொரு நாள் சீனிப் போத்தல் பழையபடி அதன் இடத்தில் நிறைந்து இருந்தது. டொக்டர் நிரப்பி வைத்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். நான் நிரப்பியிருக்கிறேன் என்று அவர் நினைத்தார்.

குழு வருவதற்கு முந்திய நாள் மத்தியானம். டொக்டர் முடிவுகளை எல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

"பரமேஸ்வரி, இது ஈரமில்ல."

"பின்ன என்னா?"

"ஈரமா இருந்தா ஒரு நாளைக்குக் கூட வரும், ஒரு நாளைக்குக் கொறைய வரும். இது பாருங்க, ஒழுங்காப் பாதி. இந்த மூட்டத்துக்கு இவ்வளவு ஒழுக்கம் கெடயாது. மீதிப் பாதி எங்க போச்சுன்னு மொதல்ல தேடுவோம்."

குடுவையில் மிஞ்சியதில் இருந்து ஒரு துளி எடுத்தோம். மெல்லிய பூச்சுப் பூசிய தகடு ஒன்று உண்டு. அதில் துளியை வைத்து, அடியில் கரைப்பான் ஊற ஊற, ஒவ்வொரு பொருளும் தன் தன் உயரத்துக்கு ஏறி நிற்கும். பிறகு மருந்தில் நனைத்துச் சூடு காட்டினால் நிறம் வரும். நான் தகட்டைச் சூட்டுக்கு மேலே பிடித்தேன். வரக்கூடாத இடத்தில் ஒரு நீலச் சாம்பல் பொட்டு எழுந்து வந்தது.

"குளுக்கோசு" என்றார் டொக்டர்.  "நம்ம போடாத குளுக்கோசு எப்பிடி வந்துச்சு? அதுவும் இவ்வளவு?"

எங்கள் திரவம் பழச்சீனியை மாற்றும். குளுக்கோசை அநேகமாக அப்படியே விட்டுவிடும். அவர் மெதுவாகத் திரும்பிச் சீனிப் போத்தலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பாதி பழச்சீனி, பாதி குளுக்கோசு, இரண்டும் கைகோத்து நிற்கிற பொருள் ஒன்றே ஒன்றுதான். அது எல்லோர் வீட்டு அடுப்படியிலும் இருக்கிறது.

சரியாக அந்த நேரம் தெய்வானை அக்கா தேத்தண்ணித் தட்டோடு வாசலுக்கு வந்தார். டொக்டர் கையில் போத்தலைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"என்னாங்க டொக்டரய்யா, இப்பத்தானா அந்தச் சீனியத் தொறக்குறீங்க?"

 டொக்டர் போத்தலை அவர் பக்கம் திருப்பிக் கேட்டார், "இது நீங்க வச்சதாக்கா?"

"ஆமாங்க. பேரன் பொறந்ததும் காயப் போத்தலக் கழுவிக் கொண்டாந்தேன். குடுத்த பாத்திரத்த வெறுமனே திருப்பிக் குடுப்பாங்களா? அதுவும் புள்ள பொறந்த வீட்டுல இருந்து! அதுலதான் முந்தியும் சீனி இருந்துச்சு, நீங்கதான் சீனிப் போத்தல் சீனிப் போத்தல்னு சொல்லுவீங்களே. அன்னைக்கு நீங்க கண்டிக்குப் போயிருந்தீங்க. சரி, வந்து பாத்துக்குவாருன்னு அதே எடத்துல வச்சிட்டுப் போயிட்டேன்."

"இவ்வளவு நைசா இருக்கேக்கா?"

"ஒரல்ல இடிச்சு, துணியில சலிச்சு எடுத்தேன்ல! உங்க சீனி மாவு மாதிரி இருக்கும். நம்ம குடுக்கிறது மட்டும் நறநறன்னு இருக்கலாமா?"

பாருங்கள், அந்த மனுசி அன்பால் செய்த வேலையை! இடிக்காமல் விட்டிருந்தால் முதல் நாளே பார்த்தவுடன் கண்டுபிடித்திருப்போம். பேரன் பிறந்ததை அவர் டொக்டரிடம் சொன்னபோது, "ரொம்ப சந்தோஷம்க்கா" என்று இவர் சொன்னதை, சீனியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்றே அக்கா நினைத்திருக்கிறார்.

டொக்டர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எனக்கோ இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த பயமெல்லாம் கோபமாகப் பொங்கியது. "சிரிக்கிறீங்களா டொக்டர்? அக்கா, இத்தன நாளா நாங்க செத்துப் பொழைக்கிறது இதனாலதான் தெரியுமா? எல்லாத்தையும் மூடிட்டுப் போகச் சொல்ல நாளைக்கு ஆள் வருது!"

"பரமேஸ்வரி, சும்மா இருங்க."

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அக்காவின் முகம் சுருங்கிப் போய்விட்டது. தட்டை வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் குழு வந்தது. தலைவர் உயரமான, வெள்ளைத் தாடி வைத்த பேராசிரியர். கூட இரண்டு பேர். பேச்செல்லாம் ஆங்கிலத்தில், நான் தமிழில் சொல்கிறேன். டொக்டர் புதுப் பெட்டி உடைத்து, அவர்கள் கண் முன்னால் பழச்சீனியை நிறுத்துப் போட்டார். நான் தொரையை எழுப்பிக் கொடுத்தேன்.  வெள்ளை, மஞ்சள், பிளேன்டி. "போதும்." முடிவு வந்தது. எட்டுக்கு மேலே! எனக்கு அந்த இடத்திலேயே அழவேண்டும் போல இருந்தது.

தலைவர் இரண்டாம் முறையும் செய்யச் சொன்னார். அதுவும் வந்தது. பிறகு கேட்டார், "அப்படியானால் இவ்வளவு நாளும் பாதி ஏன் வந்தது? ஈரம்தானே? மழைக்காலம்தானே?"

ஆம் என்று தலையாட்டினால் போதும். வழியை அவரே காட்டிவிட்டார். தலையாட்டுங்கள் டொக்டர் என்று மனதுக்குள் கெஞ்சினேன். மேசையில் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்த தெய்வானை அக்காவுக்குப் பாஷை புரியாவிட்டாலும், எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை" என்றார் டொக்டர். "ஈரம் என்று நான் சொன்னால், இந்த மலையில் இந்த வேலை நடக்காது என்று ஆகிவிடும். நடக்கும். நீங்களே பார்த்தீர்கள். போத்தலுக்குள் கடைச் சீனி இருந்தது." பழைய போத்தலை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"ஆய்வுகூடப் போத்தலுக்குள் கடைச் சீனி எப்படி வந்தது?"

"வெறுமையாக இருந்த போத்தலை நான் ஒரு வீட்டுக்குக் கொடுத்தேன். எங்கள் ஊரில் வாங்கிப் போன பாத்திரம் வெறுமையாகத் திரும்பி வராது. அது எனக்கு மறந்துபோனது."

"யார் வீட்டுக்கு?"

"அந்தப் பெயர் இதற்குத் தேவையில்லை. இங்கிருந்து பாத்திரத்தை வெளியே கொடுத்தவன் நான். எழுதுவதானால் என் பெயரை எழுதுங்கள்."

தலைவர் போத்தலைத் தூக்கி ஆட்டிக் காட்டிச் சத்தமாகவே பேசினார். கவனமின்மை என்றார். பொறுப்பின்மை என்றார். டொக்டர் தலையைக் குனிந்தபடி நின்றார். புறப்படும்போது வாசலில் வைத்துச் சொன்னார்கள். வேலை தொடரலாம், முடிவுகள் சரியானவை, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பொறுப்பில் கொழும்பில் இருந்து வேறொருவரைப் போடுவோம். தான் பெற்று வளர்த்த வேலைக்கு இனி அவர் இரண்டாவது ஆள். பெயர் பிழைத்தது, பதவி போனது.

"அநியாயம் டொக்டர்" என்றேன்.

"எட்டு வந்துச்சுல்ல?" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்ப் பாத்திரங்களை அடுக்கத் தொடங்கினார்.

அடுத்த நாள் தெய்வானை அக்கா வேலைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. நான் லயத்துக்கு இறங்கிப் போய்க் கூப்பிட்டேன். தன் ஒற்றையறைக் காம்பராவுக்குள் இருந்து வெளியே வரவே மாட்டேன் என்றுவிட்டார்.

"நான் வரல பரமு. என் சீனியத் தூக்கிக் காட்டி அந்தத் தாடிக்காரரு சத்தம் போட்டாரு. டொக்டரய்யா தலயக் குனிஞ்சுக்கிட்டு நின்னாரு. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவேன்? வேற ஆளப் போட்டுக்கச் சொல்லு."

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். எனக்குக் கோபப்படத் தெரிகிற அளவுக்குச் சமாதானம் பண்ணத் தெரியாது. வந்து டொக்டரிடம் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க, போவோம்."

படி இறங்கிப் போகும்போது சொன்னார், "பதவி விஷயம் அவங்களுக்குத் தெரிய வேணாம்." அக்கா இருந்தவரை நான் சொல்லவில்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதால்தான் இப்போது எழுதுகிறேன்.

மத்தியானம்தான், ஆனாலும் மூட்டம் லயத்து வாசல்வரை இறங்கியிருந்தது. டொக்டர் குனிந்து காம்பராவுக்குள் நுழைந்தார். ராகலையில் இருந்து மகள் பிள்ளையோடு வந்திருந்தாள். அக்கா சுவரோரம் எழுந்து நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நிமிரவில்லை.

"அக்கா, இந்த வீட்டுல பேரன் பொறந்திருக்கான். எனக்கு இன்னும் சீனி வரல" என்றார் டொக்டர்.

"குடுத்தேனேங்க. அதானே உங்கள அந்த நெலமைக்குக் கொண்டுவந்துச்சு."

"அது போத்தலுக்குக் குடுத்தீங்க. எனக்குக் குடுக்கல."

சொல்லிவிட்டு வலது கையை நீட்டினார். ஆய்வுகூடத்துக்குள் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்று எங்களை அதட்டுகிறவர், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உள்ளங்கையைக் குழித்து நீட்டிக்கொண்டு நின்றார். அக்கா அவர் கையையே பார்த்தார். பிறகு திரும்பிப் போய்ச் சீனி டின்னை எடுத்து வந்தார். மூடி திறக்க வரவில்லை. மகள் திறந்து கொடுத்தாள். அக்கா கையாலேயே அள்ளி அவர் உள்ளங்கையில் போட்டார். கொஞ்சம் தரையில் சிந்தியது.

டொக்டர் அதை முழுக்க வாயில் போட்டுக்கொண்டார். நறநறவென்று கடித்துச் சாப்பிட்டார். ஒட்டியிருந்ததையும் நக்கி எடுத்தார்.  அந்த மனிதரை நான் எவ்வளவு நேசித்தேன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

"உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகலியேங்க?" அக்கா மெதுவாகக் கேட்டார்.

"என்னா ஆகும்? நாளைக்கும் காலையில நான்தான் வந்து கதவத் தொறக்கப் போறேன்."

அக்கா அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். பொய் இருக்கிறதா என்று தேடினாரோ என்னவோ. அதில் பொய் இல்லை. பிறகு மகளிடம் இருந்து பிள்ளையை வாங்கி டொக்டர் கையில் வைத்தார்.

"அப்ப வெள்ளன வந்து தண்ணிய சூடு பண்ணி வைக்கிறேங்க" என்றார்.